இயங்குதளத்தை மாற்றியபின் மெலிந்த ஒலி: ஓராண்டுக்கு மேற்பட்ட பயன்பாட்டு அனுபவம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடியப்போவதாக அறிவிப்பு வந்திருந்ததால், அதற்கு முன்னதாகவே என் மடிக்கணினியின் வட்டை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். வேகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை, ஒலிதான் கெட்டுப்போனது. மும்பை செம்பூரில் உள்ள எங்கள் வீட்டில் காலை வேளையில் கச்சேரிப் பதிவுகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், அன்றே அது தெரிந்துவிட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி அநேகமாகக் காணாமல் போக, வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் மட்டும் தகரத்தில் தட்டியதுபோல் வந்து விழுந்தன.

லேமிங்டன் சாலையில் ஒரு கடையில் காட்டியபோது, ஸ்பீக்கர் போய்விட்டது, இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முந்தைய நாள் வரை நன்றாக ஒலித்த இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் பழுதாவது மிக அரிது. மேலும், ஸ்பீக்கரின் சவ்வு கிழிந்தால் சில ஸ்வரங்களில் கரகரப்புதான் கேட்குமே தவிர, கீழ் ஸ்தாயி முழுவதும் இப்படிச் சீராக மெலிந்துபோகாது.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தவுடன் காரணம் கண்ணில் பட்டது. ஒலிச் சிப் நிறுவனமான ரியல்டெக்கின் பெயரில் 'ரியல்டெக் ஆடியோ' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்றிருந்தது. இன்டெல் 2004-இல் வெளியிட்ட ஒலித் தரநிலையைப் பின்பற்றும் எந்தச் சிப்பையும் இயக்கவல்ல பொது டிரைவர் (வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள்) அது. ஒலி வரும், சிவப்புக் குறியோ மஞ்சள் எச்சரிக்கையோ எதுவும் இருக்காது, ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் மடிக்கணினியின் ஒலியை உருவாக்குவது சிப் மட்டுமன்று. விரல் அகல ஸ்பீக்கரால் தாழ்ந்த அதிர்வெண்களை இயல்பாக எழுப்ப முடியாது என்பதால், தயாரிப்பாளர்கள் அந்தந்த மாடலின் உடலமைப்பை அளந்து, எந்த அதிர்வெண்ணை எவ்வளவு தூக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் போனால் அடக்க வேண்டும் என்ற கணக்குகளை டிரைவர் தொகுப்புக்குள் வைத்து அனுப்புகிறார்கள். டால்பி, டிடிஎஸ், வேவ்ஸ் போன்ற பெயர்களில் நாம் காண்பது பெரும்பாலும் இந்த அடுக்கைத்தான். வட்டை அழிக்கும்போது அதுவும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது.

அதைத் திரும்பக் கொண்டுவருவதில் வரிசை முக்கியம். முதலில் தாய்ப்பலகையின் சிப்செட்டுக்கான தொகுப்பு, ஒலியைக் கையாளும் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் பகுதி உள்ள கணினியானால் அடுத்து அதற்கான டிரைவர், அதன் பிறகே ஆடியோ டிரைவர் என்று நிறுவினேன். அதையும் சிப் நிறுவனத்தின் பொதுத் தொகுப்பாக எடுக்காமல், மடிக்கணினியின் மாடல் எண்ணைக் கொடுத்து அதன் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மேற்சொன்ன அளவீடுகள் அந்தத் தொகுப்பில்தான் இருக்கும். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் பக்கத்திலேயே சேர்ப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: இப்போதைய டிரைவர்களில் கட்டுப்பாட்டுச் செயலி தனியாகப் பிரிக்கப்பட்டு மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வருகிறது. டிரைவர் சரியாக அமர்ந்திருந்தும், ரியல்டெக் ஆடியோ கன்சோல் இல்லாததால் அமைப்புகளைத் தேடி அலைவோர் பலர். அது வந்து, கணினியை மறுதொடக்கம் செய்ததும் கும்கி திரும்பியது.

ஒலியின் 'ஃபார்மேட்' அமைப்பில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று உச்சத்தில் வைத்தால் ஒலி மேம்படும் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. வழக்கமான இயக்கத்தில் விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒரே வீதத்துக்கு (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற கணக்கு) மாற்றித்தான் கலக்கிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான பாட்டில் இல்லாத நுணுக்கம் அந்த மாற்றத்தால் வந்து சேராது.

நாள்பட்ட பயன்பாட்டில் வேறு இரண்டு குறைகள் தெரிந்தன. ஒன்று, அலுவலகக் கூட்டத்தின்போது புளூடூத் ஹெட்போனில் ஒலி திடீரென்று பழைய தொலைபேசியின் தரத்துக்கு இறங்குவது. ஹெட்போனின் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு இசைக்கான முறையிலிருந்து பேச்சுக்கான முறைக்கு மாறி, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைத்தட ஒலியாகச் சுருங்கிவிடுகிறது. இதற்கு டிரைவர் மருந்தாகாது. கூட்டச் செயலியில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தபின், ஹெட்போன் பழைய தரத்திலேயே நிற்கிறது. மற்றொன்று, அழைப்பு வந்தால் பிற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் இயல்பமைப்பு. சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்ற தாவலில் 'டூ நத்திங்' என்று வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

புதுப்பிப்புகளோடு வேறு டிரைவர் வந்து அமர்ந்து ஒலி மறுபடி மாறுவதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் அதற்காகவே இருக்கிறது. அதைவிட உறுதியான வழி, ஒலி நன்றாக இருக்கும்போதே விண்டோஸில் உள்ள பிஎன்பி-யுடில் (pnputil) என்ற கட்டளைக் கருவியால், வெளியிலிருந்து நிறுவிய எல்லா டிரைவர்களையும் ஒரு வெளி வட்டுக்கு ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது. அந்தக் கோப்புறை கையிலிருந்தால், அடுத்த முறை நிறுவும்போது ஆதரவுப் பக்கத்தையே நாட வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும், தயாரிப்பாளரின் மெருகு எல்லா இடத்திலும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அது அந்தச் சிறு ஸ்பீக்கர்களின் குறையை ஈடுகட்டச் செய்த கணக்கு. கம்பி ஹெட்போனில் அதையே ஓடவிட்டால் தம்புராவின் நாதம் வீங்கி, குரலை அமுக்குகிறது. ஆகவே ஹெட்போனுக்கு மட்டும் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' அமைப்பை அணைத்து வைத்திருக்கிறேன். விண்டோஸ் ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் இதைத் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்வதால், ஸ்பீக்கருக்கு மாறும்போது எதையும் தொட வேண்டியதில்லை.