கெட்ட கனவுக்காகப் போன ஆலோசனை

அப்பா போன பிறகு தினமும் ஒரே கனவு. ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் என்னைக் கூப்பிடுகிறார், என் கால் நகரவே மாட்டேன் என்கிறது. தூங்கவே பயந்துபோய்த்தான் இணையவழி மனநல ஆலோசனைக்குப் பதிவு செய்தேன். முதல் அமர்வில் அழுததுதான் அதிகம், ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்: பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, அந்தக் கனவின் முடிவை மாற்றி எழுதி, தினமும் 10 முதல் 20 நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் எழுதிய முடிவில் அப்பாவின் கையைப் பிடித்துவிடுகிறேன், அவர் விரல் நடுக்கம்கூடத் தெரிகிறது. சில வாரங்களில் கனவு குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. துக்கம் அப்படியேதான் இருக்கிறது, அதைப் போக்கிவிடுவதாக ஆலோசகரும் சொல்லவில்லை, அந்த நேர்மைக்காகவே இந்த ஆலோசனைக்குப் போகலாம் என்று மற்றவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். ஒரே குறை, 45 நிமிடத்தில் அமர்வு முடிந்துவிடும், பேச்சு பாதியில் நிற்கும்.