ஸ்பிட்ஃபயரா, மிட்ஜெட்டா?

இங்கிலாந்தில் சின்னதாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் பலரும் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள்: எம்ஜி மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். நானும் ஒரு குளிர்காலம் முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டு, கடைசியில் 1973 மாடல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 வாங்கினேன். நான்கு வருடமாகிறது.

அழகு அவரவர் கண். உதிரி பாகங்கள் இரண்டுக்குமே தாராளமாகக் கிடைக்கின்றன. 1974 முதல் மிட்ஜெட்டிலும் ஸ்பிட்ஃபயரின் 1493 சிசி இன்ஜின்தான். அதற்கு முந்தைய 1275 சிசி மிட்ஜெட்டை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி ஒரே ஒரு மதியம் ஓட்டினேன். வளைவுகளில் என் காரைவிடக் கச்சிதமாகத் திரும்பியது. ஒரு மதியத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

என் முடிவை மாற்றியது கிளட்ச். மிட்ஜெட்டில் கிளட்ச் தேய்ந்தால் இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும். அதற்குக் கிரேன் வேண்டும், இடம் வேண்டும். ஸ்பிட்ஃபயரில் இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும். சீட்டுகளைக் கழற்றி, நடுவில் உள்ள மூடியை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸ் காருக்குள்ளிருந்தே வெளியே வந்துவிடும். போன வருடம் என் வீட்டு வாசலில், நண்பர் ஒருவர் கைகொடுக்க, ஒரு சனி ஞாயிறில் முடித்தேன். மற்ற வேலைகளும் அப்படித்தான். பானெட்டோடு முன்பக்கத் தகடு மொத்தமும் முன்னால் கவிழ்ந்துகொள்ளும். டயர்மேல் உட்கார்ந்து கார்புரேட்டரைச் சரிசெய்யலாம், முதுகு வலிக்காது.

துரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மிட்ஜெட்டுக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது; கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற தகட்டுப்பகுதி போனால் காரே போச்சு. ஸ்பிட்ஃபயருக்குச் சேஸி உண்டுதான், ஆனாலும் அதன் சில்களும் பாரம் தாங்குபவை. அழுகியிருந்தால் வெல்டிங் செலவு இரண்டிலும் ஒன்றுதான்.

அப்புறம், 1970க்கு முந்தைய ஸ்பிட்ஃபயரில் வேகமான வளைவில் சட்டென ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். மார்க் 4இல் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றி அதைப் பெருமளவு சரிசெய்தார்கள். அதனால் மார்க் 4, இல்லாவிட்டால் அதற்குப் பின் வந்த 1500, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒருவரைக் கூட்டிப் போங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, அவர் கிளட்சை மிதிக்கும்போது இன்ஜின் முன்னால் இருக்கும் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அது முன்னே நகர்ந்தால், கிராங்க் தண்டு முன்பின் நகராமல் பிடித்திருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.