சிவப்பு ராட்சத விண்மீன்களை வைத்துத் தூரம் அளப்பது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கத்து கேலக்ஸிகளின் தூரத்துக்குப் பல வருடங்களாக நான் நம்பியிருப்பது சிவப்பு ராட்சத விண்மீன்களைத்தான். சூரியனைப் போன்ற எடை குறைந்த விண்மீன், மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் வீங்கிச் சிவந்து, பிரகாசம் கூடிக்கொண்டே போகும். மையம் சுமார் 10 கோடி டிகிரியை எட்டியதும் அங்கே சேர்ந்திருக்கும் ஹீலியம் சட்டென்று எரியத் தொடங்கும். அதோடு ஏற்றம் நின்று, விண்மீன் மங்கிவிடும். அந்த நேரத்தில் ஹீலியம் மையத்தின் எடை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் உச்சப் பிரகாசமும் ஒன்றே: ஐ பட்டையில் (அகச்சிவப்பை ஒட்டிய சிவப்பு ஒளியில்) அதன் உண்மையான பொலிவெண் சுமார் −4.05. பொலிவெண் என்பது பிரகாச அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம். ஆந்திரோமெடாவில், தூசியின் மறைப்பைக் கழித்தால், அதே உச்சி நம் கண்ணுக்கு 20.4 பொலிவெண் வாக்கில் தெரியும். இந்த வித்தியாசம் சொல்லும் தூரம் ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு.

தூரம் அளக்கப் பயன்படும் இன்னொரு வகையான, பிரகாசம் கூடிக் குறையும் செபீடு விண்மீன்களுக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுக்க வேண்டும். அவை இருப்பதும் இளம் விண்மீன்கள் உள்ள இடங்களில் மட்டும். சிவப்பு ராட்சத முறைக்கு இரண்டு நிற வடிகட்டிகளில் ஒருமுறை எடுத்த படம் போதும். குள்ள கேலக்ஸி, நீள்வட்ட கேலக்ஸி என்று எதிலும் வேலை செய்யும். ஹப்பிள் காப்பகப் படங்களும், அவற்றில் விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் டால்ஃபாட் மென்பொருளும் இலவசம்.

ஆனால் மென்பொருளைவிட முக்கியம், எங்கே பார்க்கிறோம் என்பது. கேலக்ஸியின் தட்டில் நெரிசலும் தூசியும் அதிகம். உச்சியைவிடப் பிரகாசமான வேறு வகை ராட்சதங்களும் அங்கே கலந்து விளிம்பை, அதாவது உச்சியில் விண்மீன் எண்ணிக்கை சட்டென்று மாறும் இடத்தை, மழுக்கிவிடும். தட்டைச் சுற்றி விண்மீன்கள் அரிதாக உள்ள வெளி ஒளிவட்டத்துக்குப் போனால் விளிம்பு பளிச்சென்று நிற்கும். அங்கேயும் உச்சிக்குக் கீழே ஒரு பொலிவெண்ணுக்குள் நூறு விண்மீனாவது வேண்டும். இல்லையென்றால் விளிம்பைத் தேடும் கணக்கு முறையான சோபெல் வடிகட்டி இரைச்சலையே உச்சியாகக் காட்டிவிடும்.

படத்தின் ஆழமும், அதாவது எவ்வளவு மங்கலான விண்மீன் வரை அதில் தெரிகிறது என்பதும், அப்படித்தான். என்ஜிசி 1052-டிஎஃப்2 கேலக்ஸியில் கரும்பொருளே இல்லை என்று 2018-இல் ஒரு குழு அறிவித்தது. தூரம் 4.2 கோடி ஒளியாண்டுதான், அப்படியானால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை என்று 2019-இல் இன்னொரு குழு மறுத்தது. அன்றைக்கு இருந்த ஹப்பிள் படங்களில் உச்சி கண்டறியும் எல்லையை ஒட்டியே கிடந்தது. 2021-இல் மிக ஆழமான படங்கள் வந்தபின் கிடைத்த விடை சுமார் 7.2 கோடி ஒளியாண்டு. எல்லையை ஒட்டித் தெரியும் உச்சியை நான் ஏற்பதே இல்லை. அதற்குக் கீழே ஒரு பொலிவெண் வரையாவது படம் இறங்கியிருக்க வேண்டும்.

ஹப்பிளில் சிரமமில்லாமல் போகக்கூடியது சுமார் 3 கோடி ஒளியாண்டு வரை. ஜேம்ஸ் வெப்பின் அகச்சிவப்பில் இந்த விண்மீன்கள் இன்னும் பிரகாசம், அதனால் எட்டும் தூரமும் கூடுகிறது. ஆனால் அங்கே உச்சி சமமாக இல்லாமல் நிறத்தோடு சரிகிறது, அதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஹவாய் குழுவினர் தொகுத்த தூரத் தரவுத்தளத்தை முதலில் பாருங்கள். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் நிற–பொலிவு வரைபடங்கள் (விண்மீன்களின் நிறத்தையும் பிரகாசத்தையும் ஒன்றாகக் காட்டுபவை) அதில் இருக்கின்றன. ஏதாவது ஒரு குள்ள கேலக்ஸியை எடுத்து நீங்களே அளந்து, அவர்கள் தந்த உச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.