சாக்கிஃபோ: மலோயாவுக்காகவே போகலாம்

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தெற்கே, சான் பியேர் கடற்கரையோரம் ஜூன் மாதம் நடக்கிற சாக்கிஃபோ இசை விழாவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போங்க, ஆனால் ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு ஜூன் என்றால் வெயில்தான் ஞாபகம் வரும், இங்கே அது குளிர்காலம், ராத்திரி கடல் காற்று சும்மா விடாது.

2004இல் தொடங்கிய விழா. ராக், ரெகே என்று எல்லாமே உண்டு, என்னைக் கேட்டால் வெளிநாட்டுப் பெரிய பெயர்களை விட இந்தத் தீவின் சொந்த இசையான மலோயாவுக்காகத்தான் டிக்கெட் வாங்கணும். கரும்புப் பூத் தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதைகள் போட்ட கயாம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார்கள், மேடைக்குப் பக்கத்தில் நின்றால் அந்தச் சரசரப்பு நெஞ்சுக்குள்ளேயே கேட்கும், கூடவே ரூலேர் முரசின் மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் வெளுத்து வாங்குவார். 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த இசை இது, ஆனால் பட்டியலா முக்கியம், கால் தானாக ஆடுகிறதே!

சாப்பாடு கடைக்குக் கடை மாறும். சமோசாவும் பொன்பொன் பிமானும் (நம்ம வடைக்கு உறவுக்காரர்) சூடாகக் கிடைத்தால் விடாதீங்க. ஒரு கடையில் வாங்கிய காப்ரி மசாலே (ஆட்டுக்கறிக் குழம்பு) மட்டும் படுமோசம்: கறி வேகவில்லை, மசாலாவில் பச்சை வாசம். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்ம ஆட்கள் விட்டுப்போன குழம்பு, அதைப் போய் இப்படிக் கெடுத்தால் கோபம் வராதா? அப்புறம் வேறு கடையில் ரூகாய் சோசிஸ் (தக்காளி போட்ட சாசேஜ் குழம்பு) சாப்பிட்டுத்தான் மனசு ஆறியது.

வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாங்க, சின்னப் பிள்ளைகள் கூட வந்தால் காதுக்கு ஏதாவது மாட்டிவிடுங்க.