நீரில்லா ஆறும் ஒரு டப்பா பசையும்: ஃபால்அவுட் 4

"நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில்" என்று வேலூரைக் கிண்டலடிக்கும் பழைய சொலவடை ஒன்று உண்டு. கடைசி வரி 1981-லேயே காலாவதி. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மிச்ச மூன்றையும் கொண்டுபோய் பாஸ்டன் நகரத்தில் இறக்கினால் ஃபால்அவுட் 4 தயார். பெதஸ்டா 2015 நவம்பரில் வெளியிட்ட கேம். 2077 அக்டோபர் 23 அன்று அணுகுண்டு விழுகிறது. நிலவறையில் உறைந்து கிடந்தவர் 210 ஆண்டு கழித்து எழுந்து, காணாமல்போன மகனைத் தேடிக் கிளம்புகிறார். மகனை யாரும் அவசரமாகத் தேடுவதில்லை என்பது வேறு விஷயம். பாதி நேரம் எல்லோரும் பார்ப்பது காயலாங்கடை வேலைதான்.

அந்த வேலையில்தான் இந்த கேமின் ருசி. இடிந்த அலுவலகத்தில் கிடக்கும் மேசை ஃபேனும் டைப்ரைட்டரும் திருகு தரும். ஹாட்பிளேட்டில் செம்பு வரும். துப்பாக்கிக்குக் குழல், ஸ்கோப் என்று எதை மாற்றினாலும் பசை கேட்கும். முதல் இருபது மணி நேரத்தில் எல்லோருக்கும் தட்டுப்படுவது பசைதான். டக்ட் டேப்பைத் தேடி அலைவதை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போங்கள். மக்காச்சோளம் 3, ஆட்டத்தில் மட்டும் விளையும் மட்ஃப்ரூட் 3, டேட்டோ 3, சுத்தமான தண்ணீர் 1 சேர்த்துக் காய்ச்சினால் ஸ்டார்ச் ஒன்று கிடைக்கும். அதை உடைத்தால் 5 பசை. வால்போஸ்டர் ஒட்ட மாவைக் காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பட்டறை மெனுவில் வேண்டிய பொருளைத் தேடலுக்குக் குறித்து வைத்தால், அது இருக்கும் குப்பையின் பக்கத்தில் பூதக்கண்ணாடி அடையாளம் தெரியும். இதைச் செய்யாதவர்கள் கண்டதையெல்லாம் பையில் போட்டு, எடை தாண்டி, ஓட முடியாமல் நிற்பார்கள்.

அடுத்தது தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நீர் கெட்டு, 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லும்வரை போன மாவட்டம் வேலூர். கேன் தண்ணீருக்குக் காசு எண்ணும் ஊரில் இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். ஆட்டத்தில் நாம் கட்டி ஆட்களைக் குடியேற்றும் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு அலகு தண்ணீர், ஒரு அலகு உணவு, ஒரு படுக்கை வேண்டும். அடிபம்பு மண்ணில் ஊன்றினால் போதும், கரண்ட் வேண்டாம், ஆனால் 3 அலகுதான். ஆற்றுக்குள் வைக்கும் சுத்திகரிப்பான் 10 அலகு தரும், 2 மின்சாரம் தின்னும். பெரியது 40 தரும், 5 தின்னும். நடுத்தர ஜெனரேட்டர் ஒன்று அதற்குச் சரியாகப் போதும். நம் பழைய வீடு இருக்கும் சாங்சுவரி குடியிருப்பைச் சுற்றி ஆறு இருப்பதால் அங்கேயே வைக்கலாம். மிஞ்சும் தண்ணீர் பட்டறைப் பெட்டியில் சேரும். ஒரு பாட்டிலின் அடிப்படை விலை 20 மூடி. (பணம் என்பதே இங்கே சோடா பாட்டில் மூடிதான்.) பெட்டியை அவ்வப்போது காலி செய்ய வேண்டும்; தேங்கிவிட்டால் புதிதாகச் சேராது. "மெஷின் வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான்.

இன்னொரு வில்லங்கம், கொள்ளைக்காரர்கள். தண்ணீரும் உணவும் கூடக்கூட அவர்கள் வருவதும் கூடும். பாதுகாப்பு எண், அந்த இரண்டின் கூட்டுத்தொகைக்குக் குறையக் கூடாது. பத்துப் பேர் குடியிருப்பில் உணவு 10, தண்ணீர் 40 என்றால் பாதுகாப்பு 50. தானாகச் சுடும் டரட் துப்பாக்கிகளில் சாதாரண மெஷின்கன் டரட் ஒன்றுக்கு 5 வீதம் பத்து டரட். இதைச் செய்யாமல் வெளியூர் போனால், திரும்பும்போது ஜெனரேட்டர் உடைந்து, வயல் நாசமாகிக் கிடக்கும்.

ஆரம்பத்தில் நம் ஆளின் ஏழு திறன்களுக்கு 21 புள்ளிகள் பிரித்துப் போடலாம். ஸ்ட்ரெங்த் 4, கரிஸ்மா 6, இன்டெலிஜென்ஸ் 6 என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பரப்புங்கள். கரிஸ்மா 6 இருந்தால் லோக்கல் லீடர் பெர்க் (கூடுதல் சலுகைத் திறன்) எடுத்துக் குடியிருப்புகளுக்குள் சரக்குப் போக்குவரத்து ஏற்படுத்தலாம். சாமானைத் தூக்கி அலைய வேண்டாம். இன்டெலிஜென்ஸ் 6, சயின்ஸ் பெர்க்குக்கு. அது இல்லாமல் பெரிய சுத்திகரிப்பான் கிடையாது. சாங்சுவரியில் நம் பழைய வீட்டுக் குழந்தை அறைத் தரையில் ஒரு புத்தகம் கிடக்கிறது. எடுத்தால் ஏதாவது ஒன்றில் 1 கூடும்.

சாதாரண நிலையில் விளையாடினால் தண்ணீர் வெறும் வியாபாரச் சரக்கு. 2016-ல் மாற்றியமைத்த சர்வைவல் நிலையில்தான் அது தாகமாகிறது. பசி, தூக்கம், நோய் எல்லாம் உண்டு, தோட்டாவுக்கும் எடை உண்டு, வரைபடத்தைத் தொட்டு ஊர் தாண்ட முடியாது. ஸ்டிம்பேக் ஊசி போட்டால் காயம் ஆறும், தொண்டை வறளும். காலி பாட்டிலை எறியாமல் வைத்திருந்து அடிபம்பில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒருமுறை நிலையைக் குறைத்தால் அதே ஆட்டத்தில் மறுபடி சர்வைவலுக்கு ஏற முடியாது.

சர்வைவலில் தூங்கினால்தான் சேவ் ஆகும். ஆட்டத்தை முறையாக மூடினால் ஒரு தற்காலிக சேவ் விழும். அடுத்த முறை திறந்ததும் அது அழிந்துவிடும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. டெஸ்க்டாப்பில் ஆடுபவர்கள் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. சில நிமிடம் தாங்கும், மெனுவுக்குப் போய் மூட அது போதும்.

கணினி பெரிதாகத் தேவையில்லை. குறைந்தபட்சம் ஐ5-2300, 8 ஜி.பி. ராம், 2 ஜி.பி. கொண்ட ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ., 30 ஜி.பி. இடம். இன்றைய சிக்கல் நேர்மாறானது. 144 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் அப்படியே ஓட்டினால் ஆட்டத்தின் இயற்பியலே வேகம் பிடித்து, பொருள்கள் துள்ளும், ஆட்டத்துக்குள் ஒரு கணினித் திரையைத் திறந்த நம் ஆள் விலக முடியாமல் மாட்டுவார். 60-ல் பூட்டிவிடுங்கள். மே மாத வேலூர் வெயிலில் லேப்டாப் கொதிப்பதும் அதனால் கொஞ்சம் குறையும். பாஸ்டன் நடுநகரில் திக்கினால் நிழல் தூரத்தை நடுத்தரத்துக்கு இறக்கி, ஒளிக்கற்றை காட்டும் காட் ரேஸை அணைத்துவிடுங்கள்.

பேச்சுதான் பலவீனம். எப்போதும் நான்கே பதில்கள், அதிலும் முழு வாக்கியம் தெரியாது, பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடியும். வசனத்துக்காக ஆடுபவர்கள் 2010-ல் வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸ் பக்கம் போகலாம். பிரெஸ்டன் என்கிற ஆள் "இன்னொரு குடியிருப்புக்கு உதவி வேண்டும்" என்று ஓயாமல் வேலை கொடுப்பார். ஒன்று முடிந்ததும் அவர் பக்கம் போகாமலிருப்பதே நிம்மதி.

வாங்குவதானால் ஆறு கூடுதல் பகுதிகளும் சேர்ந்த பதிப்பை, விலை குறையும்போது வாங்குங்கள். அதில் ஃபார் ஹார்பர் ஒன்றே அந்தக் காசுக்குத் தகும். மோட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போடுகிறவர்கள் ஸ்டீமில் தானாகப் புதுப்பிப்பதை முதலில் நிறுத்திவைக்கவும். 2024 ஏப்ரல் 25 அன்று வந்த அப்டேட், எஃப்4எஸ்இ என்ற துணை நிரலை நம்பியிருந்த மோட்களையெல்லாம் ஒரே நாளில் படுக்க வைத்தது.