மனுகா தேன் ஜெல்: சைலன்சர் சூட்டுக்கு சூப்பர், எறும்பு ஜாக்கிரதை

தம்பிக்கு கெண்டக்கால்ல பைக் சைலன்சர் சுட்டு, கொப்புளம் உடைஞ்சு தோல் உரிஞ்சு கெடந்துச்சு. டாக்டர் பாத்துட்டு ஆழமா போகலன்னு சொல்லி டிடி ஊசி போட்டு, கூடவே எழுதிக் குடுத்ததுதான் இந்த மனுகா தேன் ஜெல் டியூப். மனுகாங்கறது நியூசிலாந்துப் பக்கம் வளர்ற ஒரு செடி, அதோட பூவுல இருந்து கெடைக்கற தேன்.

அம்மா உடனே, இதுக்கு எதுக்குடா இவ்ளோ காசு, வீட்ல இருக்கற தேன தடவுனா ஆகாதான்னு கேட்டாங்க. ஆகாதுங்க. பாட்டில் தேன்ல போட்டுலிசம்னு நரம்பத் தாக்கி உடம்ப முடக்கற நோயக் கெளப்புற கிருமியோட விதை மாதிரி ஒண்ணு இருக்க வாய்ப்பிருக்கு, அத அழிக்கற அளவுக்கு சூடு பண்ணா தேன்ல இருக்கற என்சைமும் போயிரும், அதனால புண்ணுக்குப் போடற தேன காமா கதிர் அடிச்சு சுத்தம் பண்றாங்க. காசு அதுக்கும், நியூசிலாந்துல இருந்து வர்றதுக்கும்தான்.

போட்டதும் சுருக்குனு எரியும், தேன் கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது இல்லையா, தம்பி கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க, ஆனா கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு. மறுநாள் கட்டு பிரிச்சா புண்ணு முன்னவிட ஈரமா இருக்கவும் பக்குனு ஆயிருச்சு. டாக்டர்ட்ட கேட்டா, தேன்ல முக்கால்வாசிக்கு மேல சர்க்கரை, அது உள்ள இருக்கற நீர வெளிய இழுக்கும், அதான் வேலையேன்னாரு. மனுகாவுல அதுக்கு மேல மெத்தில்கிளையாக்சால்னு கிருமியக் கொல்ற பொருளும் இருக்காம்.

எனக்கு ரொம்ப புடிச்சது கட்டு மாத்தறதுதான். வெறும் காஸ் துணி காஞ்சு ஒட்டிக்கிட்டா பிய்க்கும்போது புதுத்தோலும் சேந்து வரும், இது வழவழன்னு தானா கழண்டு வந்துருச்சு, மஞ்சளா படிஞ்சிருந்ததும் அதோட வந்து அடியில ரோஸ் கலர் தெரிஞ்சுது.

தலைவலி ஒழுகறதுதான். உடம்பு சூட்டுல ஜெல் தண்ணியா எளகி லுங்கி, பெட்ஷீட் எல்லாம் பிசுபிசு, ராத்திரி எறும்பு வரிசை கட்டிருச்சு! மேல நல்லா உறிஞ்சற பேட் வச்சு சுத்தியும் ஒட்டிருங்க, கட்டில் கால தண்ணிக் கிண்ணத்துல வைங்க.

சும்மா நாட்டு வைத்தியம்னு தள்ள முடியாது, மகாராஷ்டிரால ஒரு சர்ஜன் 1991லயே தீக்காயத்துக்கு சில்வர் ஆயின்மென்டோட தேன ஒப்பிட்டு கட்டுரை போட்டிருக்காரு. பல ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசற காக்ரேன் அமைப்போட 2015 ஆய்வும் மேலோட்டமான தீக்காயம் சீக்கிரம் ஆறுதுன்னு சொல்லுது, ஆனா எல்லா புண்ணுக்கும் அப்படி சொல்லல. பெரியப்பா சுகர் கால் புண்ணுக்கு மீதி டியூப்ப கேட்டாரு, குடுக்கல, ஒருத்தர் புண்ணுல பட்டத இன்னொருத்தருக்குப் போடக்கூடாது, அதுவுமில்லாம அது தேன் தடவி வீட்லயே பாத்துக்கற புண்ணும் இல்ல, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய்ட்டோம். தேனீ, தேன் அலர்ஜி இருக்கறவங்களும் வாங்காதீங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு எறும்புக்காக கட்.