அகலமான டயர் என்ற பெயரில் சின்ன டயர்: கடலூர், புதுச்சேரி கார்க்காரர்கள் கவனத்துக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் நாலு டயரையும் மாற்றி வந்த ஒரு சின்ன கார். கம்பெனி போட்ட அளவு 155/80 ஆர்13. கடையில் மாட்டி அனுப்பியது 165/65 ஆர்13. “அந்த சைஸ் இப்ப வர்றதில்ல சார். இது ஒரு சைஸ் அகலம், ரோட்டை நல்லா பிடிக்கும்” என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வாக்கியம் பொய். 155/80 ஆர்13 இன்றும் தாராளமாகக் கிடைக்கிற அளவு. அந்தக் கடையில் ஸ்டாக் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது வாக்கியம் அதைவிட மோசம். அகலத்தைக் காட்டி உயரக் குறைவை மறைக்கிறது.

டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். நடு எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 155-இல் 80 சதவீதம் 124 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 248. 13 அங்குல ரிம் 330.2 மி.மீ. ஆகமொத்தம் டயரின் உயரம் 578 மி.மீ. இதே கணக்கை 165/65-க்குப் போடுங்கள்: பக்கச்சுவர் 107, மொத்தம் 545 மி.மீ. ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. மாற்று அளவு எடுத்தால் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தொழிலில் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. செல்போன் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை. டயர் விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

மாட்டிய பிறகு என்ன ஆகும்? விட்டம் 33 மி.மீ. குறைந்தால் வண்டி அதில் பாதி, அதாவது 17 மி.மீ. தாழ்ந்து நிற்கும். ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடி தட்டும். பக்கச்சுவர் குட்டையானதால் பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் வளையும், டயர் பக்கவாட்டில் வீங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் தெரியாத நம் ஊர்ச் சாலைக்கு உயரமான பக்கச்சுவர்தான் காப்பு. எடை தாங்கும் எண் 79-லிருந்து 77-ஆக இறங்குகிறது. டயருக்கு 437 கிலோ என்றிருந்தது 412 ஆகிறது. கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த ஸ்டிக்கரும் இனி அந்த டயருக்குப் பொருந்தாது.

மீட்டரும் தப்பாகக் காட்டும். 80 என்று முள் நிற்கும்போது வண்டி 75-ஐ ஒட்டித்தான் ஓடும். 9,420 கிலோமீட்டர் ஓடியிருந்தால் 10,000 ஏறியிருக்கும். சர்வீஸ் முன்னதாகவே வரும், விற்கும்போது ஓட்டம் அதிகமாகத் தெரியும், மைலேஜ் கூடிவிட்டது போல ஒரு மயக்கம் வேறு. “டயர் மாத்தினதும் மைலேஜ் ஏறிடுச்சு” என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் முதலில் டயர் அளவைப் படித்துப் பாருங்கள்.

155/80 ஆர்13-க்கு அகலம் கூட்டியே ஆகவேண்டுமென்றால் 175/70 ஆர்13 கணக்குக்குச் சரியாக வரும்: 575 மி.மீ., எடை எண் 82. ஆனால் ரிம்மில் பொறித்திருக்கும் அகலத்தைப் பார்க்க வேண்டும். 4.5ஜே, அதாவது 4.5 அங்குல அகல ரிம், இந்த டயருக்குக் குறைந்தபட்ச அளவு. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள் மட்கார்டில் உரசுகிறதா என்று கடை வாசலிலேயே சோதியுங்கள். ஸ்விஃப்டில் 165/80 ஆர்14-க்கு 185/70 ஆர்14 ஒத்துப்போகும். அதையே 185/65 ஆர்14 ஆக்கிவிட்டால் 24 மி.மீ. போச்சு, ‘185’ என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஆல்டோ 800-இன் 145/80 ஆர்12-க்கு நானோவின் பின்சக்கர அளவான 155/65 ஆர்12-ஐச் சொன்னால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். உயரம் 30 மி.மீ. குறையும்.

அந்தக் காரில் இன்னொரு குறையும் இருந்தது. இரண்டு டயர் பழைய ஸ்டாக். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரம். இது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முழுசாக இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் ஜாக்கி போட்டால்தான் தெரியும். ஆகவே ரிம்மில் ஏற்றும் முன்பே நாலையும் படித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் வரி கம்மி என்று நினைத்து இன்னும் பலர் எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டுகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து டயருக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். பில் இல்லாமல் விலை குறைத்தால் அது வரிச்சலுகை இல்லை. இந்தக் காருக்குக் கொடுத்தது ‘13 இன்ச் டயர் 4’ என்று எழுதிய எஸ்டிமேட் துண்டுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு எந்த அளவு கேட்டோம், எதைக் கொடுத்தார்கள் என்று வாதாடவே முடியாது. பில்லில் முழு அளவு, எடை எண், தயாரிப்பு வாரம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கடையின் ஜிஎஸ்டி எண் புதுச்சேரி என்றால் 34-இலும், தமிழ்நாடு என்றால் 33-இலும் தொடங்கும். பில்லில் ஹெச்எஸ்என் என்று இருக்கும் பொருள் குறியீடு புது டயருக்கு 4011. 4012 என்றிருந்தால் அது ரீட்ரெட் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது) அல்லது பழைய டயர்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் போதும். கதவு ஸ்டிக்கரையும் டயர் அளவையும் அருகருகே போட்டோ எடுத்து அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; கடை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரிலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தீரும்வரை பழைய அளவிலேயே இருக்கும் ஸ்டெப்னியை முன்சக்கரத்தில் மாட்டி நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். இடதும் வலதும் வேறு உயரம் என்றால் இரு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று தேயும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் குழம்பும்.